பிழையில்லாத தந்திகள்: ஹூப் லௌவர்ஸ் மீது சுமத்தப்பட்ட பழி குறித்து



இரண்டாம் உலகப் போரின் உளவு வரலாறு தமிழில் எழுதப்படும்போதெல்லாம் ஹாலந்தின் கதை மூன்று வடிவங்களில் ஒன்றாகவே வந்து சேர்கிறது. பிடிபட்ட ஒரு வானொலி இயக்குநன் எதிரிக்கு உடன்பட்டு ஐம்பது தோழர்களைக் காட்டிக்கொடுத்தான் என்பது முதல் வடிவம். ஒரு ஜெர்மானிய உளவு அதிகாரியின் அபார மூளை பிரிட்டனை இரண்டாண்டுகள் பொம்மையாக ஆட்டிவைத்தது என்பது இரண்டாவது. லண்டன் வேண்டுமென்றே அந்த இளைஞர்களைப் பலியிட்டு ஹிட்லரை ஏமாற்றியது என்பது மூன்றாவது. மூன்றும் சுவையான கதைகள். மூன்றிலும் ஒரு துரோகியோ, ஒரு மேதையோ, ஒரு சூத்திரதாரியோ இருக்கிறான். வந்த செய்தியைப் படிக்க வேண்டிய கடமையுடன் லண்டனில் ஒரு மேசைக்கு முன் அமர்ந்திருந்த அலுவலர்கள் மட்டும் மூன்றிலும் இல்லை.

அந்த மேசையைத்தான் இப்பதிவு குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறது. செய்தி அனுப்பியவன் தன் கடமையைச் செய்தான், பெற்றவர்கள் செய்யவில்லை, பழி மட்டும் அனுப்பியவன் தலையில் விழுந்தது. இதுவே என் வாதம். நீண்ட பதிவு, பொறுத்தருள்க.

முதலில் நிகழ்ந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

1940 மே 10 அன்று ஜெர்மனி ஹாலந்தின்மீது படையெடுத்தது. ஐந்தே நாட்களில் டச்சுப் படை சரணடைந்தது. அரசி வில்ஹெல்மினாவும் அமைச்சரவையும் லண்டனில் அடைக்கலம் புகுந்தனர். அவ்வாண்டு ஜூலையில், ஆக்கிரமிக்கப்பட்ட நாடுகளில் நாசவேலைகளையும் எதிர்ப்பு இயக்கங்களையும் வளர்ப்பதற்கென பிரிட்டன் ஒரு ரகசிய அமைப்பை நிறுவியது. சிறப்பு நடவடிக்கைப் பிரிவு எனலாம், எஸ்.ஓ.ஈ. என்ற சுருக்கப் பெயராலேயே அது அறியப்படுகிறது. பேக்கர் தெருவில் இருந்த அதன் தலைமையகத்தில் ஹாலந்தைக் கவனித்தது 'என்' பிரிவு.

அப்பிரிவு அனுப்பிய முதல் முகவர்களுள் இருவர் ஹூப் லௌவர்ஸ், தைஸ் டாகோனிஸ். 1941 நவம்பர் 6-7 இரவில் ஓமன் ஊருக்கு அருகே பாராசூட்டில் இறங்கினர். டாகோனிஸ் நாசவேலை வல்லுநர். லௌவர்ஸ் வானொலி இயக்குநர். கொண்டுசென்ற கருவி தொடக்கத்தில் இயங்கவில்லை. அதைச் சரிசெய்து லண்டனுடன் தொடர்பு கொள்ள 1942 ஜனவரி ஆயிற்று.

ரகசிய வானொலி இயக்குநரின் வாழ்க்கை எத்தகையது என்பதைச் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டும். ஒரு பெட்டிக்குள் அடங்கும் கருவி, நீளமான வான்கம்பி, குறித்த நாளில் குறித்த நேரம். அவன் விசையைத் தட்டும் ஒவ்வொரு நிமிடமும் எதிரியின் திசையறி கருவிகள் அவன் இருக்கும் தெருவை நோக்கி நகர்ந்துகொண்டிருக்கும். குண்டு வைப்பவன் வைத்துவிட்டு ஓடலாம். வானொலி இயக்குநன் தன் இருப்பிடத்தை ஊருக்கெல்லாம் அறிவித்துக்கொண்டே உட்கார்ந்திருக்க வேண்டும்.

1942 மார்ச் 6 அன்று தி ஹேக் நகரில் லௌவர்ஸ் பிடிபட்டார். மூன்று நாட்களில் டாகோனிஸும் சிக்கினார். எதிர்ப்பு இயக்கத்தோடு ஒட்டிக்கொண்டு ஜெர்மானியருக்குத் தகவல் விற்ற ரிடர்ஹாஃப் என்ற ஒற்றனின் வேலையும், திசையறி கருவிகளின் வேலையும் ஒருங்கே பலித்திருந்தன. காட்டிக்கொடுத்தவன் என்று ஒருவனைச் சுட்ட வேண்டுமானால் அவன் இந்த ரிடர்ஹாஃப். லௌவர்ஸ் காட்டிக்கொடுக்கப்பட்டவர்.

அவரது சட்டைப்பையில் சங்கேதமாக்கப்பட்டு இன்னும் அனுப்பப்படாத மூன்று செய்திகள் இருந்தன. அவற்றுள் ஒன்று, ப்ரின்ஸ் ஆய்கன் என்ற ஜெர்மானியப் போர்க்கப்பல் ஸ்கீடாமில் நிற்கிறது என்ற தகவல். அத்தகவலே ஜெர்மானிய ராணுவ உளவுத்துறையான அப்வேர் அமைப்பின் அதிகாரி ஹெர்மன் கிஸ்கெஸ், ஒற்றன் வழியாக ஊட்டிவிட்ட பொய். எனவே செய்தியின் உள்ளடக்கம் கிஸ்கெஸுக்கு முன்பே தெரியும். அதைச் சொல்லிக்காட்டி, உன் சங்கேதத்தை உடைத்துவிட்டோம் என்று லௌவர்ஸைத் திகைக்க வைத்தார். பிறகு அவர்முன் வைத்த கோரிக்கை இதுதான்: எங்கள் கட்டுப்பாட்டில் நீ லண்டனுக்குத் தொடர்ந்து செய்தி அனுப்பு, உன் உயிரும் டாகோனிஸின் உயிரும் காக்கப்படும்.

லௌவர்ஸ் உடன்பட்டார். இந்த ஒரு வாக்கியத்தோடு கதையை நிறுத்திவிடுகிறவர்களுக்கு அவர் துரோகி. அடுத்த வாக்கியத்தையும் படிப்பவர்களுக்கு நிலைமை வேறு.

பிடிபட்டால் செய்தி அனுப்ப உடன்படலாம், ஆனால் பாதுகாப்புக் குறியை மட்டும் எக்காரணம் கொண்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது என்பதே அவருக்கு இங்கிலாந்தில் தரப்பட்டிருந்த அறிவுறுத்தல். பாதுகாப்புக் குறி என்பது லண்டனுக்கும் இயக்குநருக்கும் மட்டும் தெரிந்த ஒரு சிறு ஏற்பாடு. லௌவர்ஸுக்கு வகுக்கப்பட்டது எளியது: ஒவ்வொரு செய்தியிலும் பதினாறாம் எழுத்தை வேண்டுமென்றே பிழையாக எழுத வேண்டும். பிழை இருந்தால் அவர் சுதந்திரமாக இருக்கிறார். பிழை இல்லையேல் எதிரியின் பிடியில் இருக்கிறார். பிழையே நலத்தின் அடையாளம்; பிழையின்மையே அபாய மணி.

அத்தகைய குறி ஏதோ ஒன்று இருக்கிறது என்பது ஜெர்மானியருக்கும் தெரியும். கைப்பற்றிய செய்திகளை வைத்துக்கொண்டு அது எது என்று கேட்டார்கள். தற்செயலாக, அவற்றுள் இரண்டில் பதினாறாம் எழுத்து, வாக்கிய முடிவைக் குறிக்கும் 'ஸ்டாப்' என்ற சொல்லுக்குள் விழுந்திருந்தது. ஆகவே அச்சொல் 'ஸ்டிப்' என்றும் 'ஸ்டெப்' என்றும் திரிந்திருந்தது. லௌவர்ஸ் அந்தக் கணத்திலேயே ஒரு பொய்யைக் கட்டினார்: 'ஸ்டாப்' என்ற சொல்லைப் பிழையாக எழுதுவதுதான் என் பாதுகாப்புக் குறி என்றார். கையிலிருந்த சான்றுகள் அப்பொய்க்குத் துணைநின்றன. அவர்கள் நம்பினார்கள். தோழன் வேட்டையாடப்படுகிறான், தன் கழுத்தில் கத்தி தொங்குகிறது; அந்த வேளையில் தன் கையிலிருந்த ஒரே உண்மையைக் காப்பாற்றிக்கொண்ட மனிதரைத்தான் நாம் துரோகி என்று எழுதிக்கொண்டிருக்கிறோம்.

மார்ச் 12 அன்று முதல் செய்தி போயிற்று. பதினாறாம் எழுத்தில் பிழை இல்லை. அபாய மணி அடித்தாயிற்று. லண்டன் செய்தியைப் பெற்றுக்கொண்டதாகப் பதில் அனுப்பியது. அவ்வளவுதான்.

அம்மாதம் 27-28 இரவில், அந்த வானொலி வழியே ஏற்பாடு செய்யப்பட்ட இடத்தில் ஆர்னால்ட் பாட்சன் என்ற முகவர் பாராசூட்டில் இறங்கினார். கீழே விளக்கு காட்டி வரவேற்றவர்கள் ஜெர்மானியரின் ஆட்கள். அங்கு தொடங்கியது வரலாறு 'இங்கிலாந்து ஆட்டம்' என்று பெயரிட்டிருக்கும் பேரழிவு. ஜெர்மானியர் தம் கோப்புகளில் அதற்கு இட்ட பெயர் 'வடதுருவ நடவடிக்கை'.

லௌவர்ஸ் அத்தோடு நிற்கவில்லை. குறி இல்லாத செய்திகளை லண்டன் கண்டுகொள்ளவில்லை என்று உணர்ந்ததும் இன்னும் ஆபத்தான வழியில் இறங்கினார். சங்கேதச் செய்தியின் முன்னும் பின்னும் இட்டுநிரப்பப்படும் பொருளற்ற எழுத்துகளுக்கிடையே, 'பிடிபட்டேன்' என்று பொருள்தரும் ஆங்கிலச் சொல்லை இரண்டாகப் பிரித்து நுழைத்தார். அருகில் அமர்ந்து ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்த ஜெர்மானிய இயக்குநர் கண்டுபிடித்திருந்தால் அன்றே கதை முடிந்திருக்கும். ஒரு முறையல்ல, பல முறை செய்தார். லண்டனிலிருந்து எவரும் அச்சொல்லைப் படித்ததற்கான அறிகுறி வரவேயில்லை.

அதன்பின் நடந்தவற்றைச் சுருக்கமாகவே சொல்கிறேன். வெவ்வேறு குழுக்களாக, ஒருவரையொருவர் அறியாமல் இயங்கியிருக்க வேண்டிய முகவர்களை, இந்தப் பிடிபட்ட வானொலி வழியாகவே லண்டன் ஒன்றோடொன்று இணைத்தது. இணைந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக வீழ்ந்தார்கள். 1943 மே வரை முகவர்களும் ஆயுதப் பெட்டிகளும் எதிரியின் கைகளிலேயே இறங்கிக்கொண்டிருந்தன. ஒரு கட்டத்தில் 14 வானொலி இணைப்புகளை ஜெர்மானியரே இயக்கினார்கள். பிடிபட்ட முகவர்கள் 50-க்கும் மேற்பட்டோர். அவர்களுள் ஏறத்தாழ 40 பேர் 1944 செப்டம்பர் 6, 7 தேதிகளில் ஆஸ்திரியாவின் மௌத்ஹௌசன் முகாமில் கொல்லப்பட்டார்கள். டாகோனிஸ் அவர்களுள் ஒருவர். உயிர் காக்கப்படும் என்ற வாக்குறுதி அந்தக் கல்குவாரியில் முடிந்தது. லௌவர்ஸ் ஜெர்மானிய முகாமில் கிடந்து, போர் முடிந்தபோது உயிரோடு மீண்ட மிகச் சிலருள் ஒருவரானார்.

இனி அந்த மூன்று கதைகளுக்கு வருகிறேன்.

முதல் கதை: இயக்குநனின் துரோகம். இதற்கு ஆதரவாகக் கேட்கத்தக்க கேள்வி ஒன்று உண்டு. அதை மழுப்பாமல் எதிர்கொள்வதே நேர்மை. லண்டன் விழித்துக்கொள்ளவில்லை என்று தெரிந்தபின்னும் லௌவர்ஸ் ஏன் விசையைத் தட்டினார்? மறுத்துவிட்டுச் செத்திருக்கலாமே?

ஒவ்வொரு இயக்குநரும் மோர்ஸ் தட்டும் முறை அவரவர் கையெழுத்தைப் போலத் தனித்தன்மை உடையது என்பது உண்மை. ஆனால் ஜெர்மானியக் கண்காணிப்பு இயக்குநர்கள் லௌவர்ஸின் தட்டலைப் பல வாரங்களாகக் கேட்டுப் பழகியிருந்தார்கள். அவரைப் போலவே தட்டிக்காட்ட அவர்களால் முடியும். அவர் மறுத்திருந்தால் வானொலி மௌனமாகியிருக்காது. எச்சரிக்கை தர வழியில்லாத இன்னொரு கை அதை இயக்கியிருக்கும். தொடர்ந்து அமர்ந்திருந்தால்தான் 'பிடிபட்டேன்' என்ற சொல்லை நுழைக்க ஒரு வாய்ப்பு. பின்னாளில் ஜெர்மானியர் தம் ஆட்களையே மாற்று இயக்குநர்களாக அறிமுகப்படுத்தியபோது லண்டன் அதையும் ஏற்றுக்கொண்டது என்பது இந்த வாதத்துக்கு வலுச் சேர்க்கிறது. உயிர் தப்ப வேண்டும் என்ற ஆசை லௌவர்ஸுக்கு இருந்திருக்கும், இருப்பது குற்றமன்று. ஆனால் அறிவுறுத்தலை மீறினாரா என்று கேட்டால் விடை ஒன்றே: இல்லை. எதைக் காக்கச் சொன்னார்களோ அதைக் காத்தார். அதைப் படிப்பதாக வாக்களித்தவர்கள்தாம் படிக்கவில்லை.

இரண்டாம் கதை: ஜெர்மானிய மேதை. கிஸ்கெஸ் திறமைசாலி என்பதில் எனக்கு ஐயமில்லை. கெஸ்டாபோவின் வழக்கமான சித்திரவதையைவிட உபசாரமும் உளவியலும் அதிகம் விளைவிக்கும் என்று கணக்கிட்டவர். ஆனால் அவருடைய திட்டம் முழுவதும் ஒரே ஒரு தாளை லண்டனில் எவராவது கவனமாகப் படித்திருந்தால் முதல் நாளே தகர்ந்திருக்கும். உண்மையான பாதுகாப்புக் குறி அவருக்குத் தெரியாது. தெரியும் என்று தவறாக நம்பிக்கொண்டிருந்தார். ஏமாற்றப்பட்ட ஒருவரின் ஆட்டம், இன்னொருவரின் அலட்சியத்தால் வெற்றி பெற்றது. இதற்கு மேதைமை என்று பெயர் சூட்டுவது, பூட்டாத வீட்டில் புகுந்த திருடனைக் கலைஞன் என்று கொண்டாடுவதற்கு ஒப்பாகும்.

மூன்றாம் கதை: லண்டனின் சதி. போருக்குப் பின் ஹாலந்தில் இது ஆழமாக வேரூன்றியது. நேச நாட்டுப் படைகள் ஹாலந்தின் கரையில் இறங்கும் என்று ஹிட்லரை நம்பவைக்க, பிரிட்டன் தன் முகவர்களைத் தெரிந்தே பலிகொடுத்தது என்பது அதன் சாரம். மகன்களை இழந்த குடும்பங்கள் இப்படி நம்பியதை நான் புரிந்துகொள்கிறேன். ஒரு பெரும் நோக்கத்துக்காக மகன் பலியானான் என்பதைத் தாங்கிக்கொள்ளலாம். ஒருவர் தாளைச் சரியாகப் படிக்காததால் செத்தான் என்பதை எப்படித் தாங்குவது? ஆயினும் சான்று வேண்டும். ஹாலந்து நாடாளுமன்றம் போர்க்கால அரசின் நடத்தையை ஆராய 1947-இல் அமைத்த விசாரணைக் குழு இவ்விவகாரத்தையும் விரிவாக ஆய்ந்து 1950-இல் அறிக்கை தந்தது. துரோகத்துக்கோ திட்டமிட்ட பலிக்கோ அது சான்று காணவில்லை, தவறுகளையே கண்டது. எஸ்.ஓ.ஈ. வரலாற்றை அதிகாரபூர்வமாக எழுதிய எம்.ஆர்.டி. ஃபுட் 2001-இல் வெளியிட்ட நூலிலும் சதிக் கோட்பாட்டை ஏற்கவில்லை.

இங்கே நம் வாசகர்கள் பலர் வழுக்கிவிழுவதைக் காண்கிறேன். சதி இல்லை என்றதும் குற்றமும் இல்லை என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். சதிக் கோட்பாடு பேக்கர் தெருவைத் தாக்குவதுபோல் தோன்றினாலும் உண்மையில் அதற்குச் செய்வது பேருதவி. அங்கு இருந்தவர்கள் எல்லாம் அறிந்தவர்கள், தொலைநோக்குடன் காய் நகர்த்தியவர்கள் என்று ஆக்கிவிடுகிறது. அறியாமையையும் சோம்பலையும் அது ராஜதந்திரமாக உயர்த்திவிடுகிறது.

அந்த மேசைக்கு ஆதரவாகச் சொல்லப்படுவனவற்றையும் நேர்மையாக வரிசைப்படுத்துகிறேன். களத்தில் இருந்த இயக்குநர்கள் பதற்றத்தில் பாதுகாப்புக் குறியை மறந்துவிடுவது வழக்கம். வானொலி இரைச்சலில் எழுத்துகள் சிதைந்து வந்தன. எது வேண்டுமென்றே செய்த பிழை, எது அலைவரிசை செய்த பிழை என்று பிரிப்பது கடினம். அமைப்போ புதியது, ஆட்களோ குறைவு. குறி இல்லாத ஒவ்வொரு முகவரையும் கைவிட்டால் உண்மையில் சுதந்திரமாக இருப்பவனையும் கைவிட நேரும்.

இவற்றுள் ஒன்றும் பொய்யில்லை. ஒரு செய்திக்கு இவை போதுமான சமாதானம். பத்துச் செய்திகளுக்குக்கூட ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் மாதக்கணக்கில், ஒன்றன்பின் ஒன்றாக வந்த இணைப்புகளில் குறிகள் தவறியபோது, ஒரே ஒரு தனிப்பட்ட கேள்வி கேட்டுச் சோதித்திருக்க முடியாதா? பயிற்சி முகாமில் உன் பக்கத்துக் கட்டிலில் படுத்தவன் யார் என்று ஒரு வரி கேட்டிருக்க முடியாதா? பிடிபட்டவன் சிறையிலிருந்தே அதற்கும் விடை சொல்லியிருப்பான் என்கிறீர்களா? சொல்லியிருக்கலாம், தவறாகச் சொல்லி இன்னோர் எச்சரிக்கையும் விடுத்திருக்கலாம். கேட்டால்தானே தெரியும்?

வேறு மணிகளும் அடித்தன. 1942-இல் எஸ்.ஓ.ஈ.யின் சங்கேதப் பிரிவில் சேர்ந்த லியோ மார்க்ஸ் என்ற இளைஞர், பிற நாடுகளிலிருந்து வரும் செய்திகளில் அடிக்கடி சங்கேதமாக்கும்போது நேரும் தவறுகள் இருப்பதையும், ஹாலந்திலிருந்து வருபவை மட்டும் மாசுமறுவின்றி இருப்பதையும் கவனித்ததாகத் தம் நினைவுநூலில் எழுதியிருக்கிறார். இருட்டறையில், அச்சத்தில், அவசரத்தில் சங்கேதமாக்குகிறவன் தவறு செய்வான். தவறே செய்யாதவன் அமைதியான அறையில், நல்ல வெளிச்சத்தில், காவலோடு உட்கார்ந்திருக்கிறான். அவர் ஒரு சோதனையும் செய்தாராம்: ஜெர்மானிய இயக்குநர்கள் தமக்குள் விடைபெறும்போது பயன்படுத்திய 'ஹெய்ல் ஹிட்லர்' என்பதன் சுருக்கத்தைச் செய்தியின் முடிவில் அனுப்பச் செய்தபோது, மறுமுனை அனிச்சையாக அதையே திருப்பி அனுப்பியதாம். மேலிடத்தில் சொன்னார், பலனில்லை என்கிறார். இதற்கு அவரது சொல்லே நமக்குச் சான்று என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் வானத்திலிருந்து வந்த சான்றுக்கு அவர் சாட்சியம் தேவையில்லை: ஹாலந்துக்குச் சென்ற விமானங்கள் மிகையான விகிதத்தில் திரும்பாமற்போனதைக் கண்டு பிரிட்டிஷ் விமானப்படையே 1943-இல் அப்பறப்புகளை நிறுத்தியது.

ஜார்ஜ் ஜாம்ப்ரூஸ் 1942 ஜூனில், டச்சு எதிர்ப்பு இயக்கத்தை ஒருங்கிணைக்கும் பெருந்திட்டத்துடன் அனுப்பப்பட்டவர். இறங்கிய இடத்திலேயே பிடிபட்டார். அவர் பெயரில் ஜெர்மானியர் அனுப்பிய முன்னேற்ற அறிக்கைகளை லண்டன் மாதக்கணக்கில் படித்துக்கொண்டிருந்தது. ஆலோசனைக்குத் திரும்பி வருமாறு பலமுறை அழைத்தது. ஒவ்வொரு முறையும் ஒரு சாக்கு வந்தது. அனுப்பியவர்களில் ஒருவர்கூடத் திரும்பி வராத ஒரு நாட்டைப் பற்றி ஐயம் எழுவதற்கு இன்னும் என்ன வேண்டும்?

ஐயம் எழாததற்குக் காரணம் தொழில்நுட்பக் குறையன்று. அந்தப் பிரிவின் வெற்றி என்பதே எத்தனை முகவர், எத்தனை இணைப்பு, எத்தனை பெட்டி என்ற எண்ணிக்கையாக இருந்தது. ஹாலந்து அவர்களுடைய கோப்புகளில் செழித்துக்கொண்டிருந்தது. பிழை இருக்கிறதா என்று தேடுவது, தம் வெற்றியே பொய்யா என்று கேட்பதாகும். அக்கேள்வியை எந்த அலுவலகமும் தானாகக் கேட்டுக்கொள்வதில்லை. இது என் ஊகம் என்று ஒதுக்க நினைப்பவர்கள், அடுத்து வரும் நிகழ்வைக் கருதிப்பார்க்கட்டும்.

1943 ஆகஸ்ட் இறுதியில், பிடிபட்ட முகவர்கள் அடைக்கப்பட்டிருந்த ஹாரன் சிறையிலிருந்து பீட்டர் டூர்லைன், பென் உப்பிங்க் என்னும் இருவர் தப்பினார்கள். ஆக்கிரமிக்கப்பட்ட நாடுகளைக் கடந்து நவம்பரில் ஸ்விட்சர்லாந்தை அடைந்தார்கள். எல்லா முகவர்களும் பிடிபட்டுவிட்டார்கள், வானொலிகள் அனைத்தும் எதிரி கையில் என்று நேரில் கண்டதைச் சொன்னார்கள். இதற்குள் கிஸ்கெஸ், தம் பிடியிலிருந்த வானொலி ஒன்றின் வழியே லண்டனுக்குச் செய்தி விடுத்திருந்தார்: அவ்விருவரும் கெஸ்டாபோவின் ஆட்களாக மாறிவிட்டார்கள் என்று. 1944 தொடக்கத்தில் இங்கிலாந்து வந்துசேர்ந்த இருவருக்கும் கிடைத்த வரவேற்பு பிரிக்ஸ்டன் சிறை. எதிரியின் வானொலி சொன்னதைக் கேட்டு, எதிரியின் சிறையிலிருந்து தப்பி வந்தவர்களைத் தம் சிறையில் வைத்தார்கள். இரட்டை முகவர்கள் உலவிய காலத்தில் விசாரிப்பது முறைதான். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பதினாறாம் எழுத்தை ஈராண்டுகள் சந்தேகிக்காதவர்களின் சந்தேகம், கால்நடையாக வந்த மனிதர்கள்மீது மட்டும் எவ்வளவு கூர்மையாக விழித்துக்கொண்டது என்பதைப் பாருங்கள்.

1944 ஏப்ரல் 1 அன்று கிஸ்கெஸ் ஆட்டத்தை முடித்துவைத்தார். சங்கேதமின்றி, வெளிப்படையான மொழியில், 'என்' பிரிவின் தலைவர்களை ஒரு வணிக நிறுவனத்தாரைப்போல விளித்து, நெடுங்காலம் உங்கள் ஏக முகவர்களாக இருந்த எங்களை விட்டுவிட்டு வேறு வழியில் வணிகம் செய்யப் பார்க்கிறீர்களே என்று கேலி செய்து செய்தி அனுப்பினார். முட்டாள்களின் தினத்தில். அந்தச் செய்தியை மட்டும் லண்டன் சரியாகப் படித்தது.

போருக்குப் பின் என்ன நடந்தது? 1946 தொடக்கத்தில் எஸ்.ஓ.ஈ. கலைக்கப்பட்டது. பேக்கர் தெருவில் நேர்ந்த ஒரு தீயிலும் அதன்பின் நிகழ்ந்த களையெடுப்பிலும் கோப்புகளில் பெரும்பகுதி அழிந்தது. டச்சு விசாரணைக் குழுவுக்கு 1949-இல் பிரிட்டிஷ் வெளியுறவுத்துறை தந்த விளக்கம், மதிப்பீட்டில் தவறுகள் நேர்ந்தன என்று ஒப்பியது. மதிப்பீட்டில் தவறு. அந்தச் சொற்றொடரில் மனிதர்கள் இல்லை. மழை பெய்தது, காற்று வீசியது என்பதுபோலத் தவறு தானே நேர்ந்துவிடுகிறது.

மாறாக, லௌவர்ஸின் பெயர் எல்லோருக்கும் கிடைத்தது. கோப்பு எரிந்தாலும் பெயர் எரியாது. கிஸ்கெஸ் தம் வெற்றியை நூலாக எழுதினார். 1953-இல் வந்த அதன் ஆங்கிலப் பதிப்பின் இறுதியில் லௌவர்ஸின் தன்விளக்கம் பின்னுரையாக இணைக்கப்பட்டது. இதைச் சற்று நிதானித்து எண்ணிப்பாருங்கள். தன்னைச் சிறைப்பிடித்தவன் எழுதிய வெற்றிக்காவியத்தின் கடைசிப் பக்கங்களில்தான், நான் எச்சரிக்கை அனுப்பினேன் என்று அவரால் உலகுக்குச் சொல்ல முடிந்தது. முதலில் செய்தியின் ஓரத்தில் ஒளித்துச் சொன்னார். பிறகு நூலின் ஓரத்தில் நின்று சொன்னார்.

இந்தியாவிலிருந்து இதை எழுதும் எனக்கு இன்னொரு பெயரை நினைவூட்டும் கடமை உண்டு. ஹஸ்ரத் இனாயத் கானின் மகள் நூர் இனாயத் கானை நாம் கொண்டாடுகிறோம். அவரும் எஸ்.ஓ.ஈ.யின் வானொலி இயக்குநர், 1943 ஜூனில் பிரான்சுக்குச் சென்றவர், அக்டோபரில் பிடிபட்டவர், 1944 செப்டம்பர் 13 அன்று டாஹௌ முகாமில் கொல்லப்பட்டவர். மௌத்ஹௌசன் கொலைகள் முடிந்து ஒரு வாரங்கூட ஆகவில்லை. திப்பு சுல்தானின் வழிவந்தவர், உளவு இளவரசி என்றெல்லாம் எழுதுகிறோம், எழுத வேண்டியதுதான். ஆனால் அவர் பிடிபட்டபின் அவருடைய வானொலியையும் ஜெர்மானியர் இயக்கினார்கள், அதையும் லண்டன் நம்பி முகவர்களை அனுப்பியது, அவர்களும் பிடிபட்டார்கள் என்ற பகுதியை நம் பதிவுகள் தாண்டிச் சென்றுவிடுகின்றன. அவ்வாண்டே பாரிஸில் பிடிபட்ட இன்னோர் இயக்குநரான கில்பர்ட் நார்மனின் வானொலியிலிருந்து உண்மைக் குறியின்றிச் செய்தி வந்தபோது, குறியை மறந்துவிட்டாய், இனி கவனமாக இரு என்று லண்டன் கடிந்து பதில் அனுப்பியது. அப்பதிலைப் படித்தவர்கள் ஜெர்மானியர். ஹாலந்தில் 1942-இல் நேர்ந்தது பிரான்சில் 1943-இல் மீண்டும் நேர்ந்தது என்றால் அது விபத்தாகுமா?

நூரை வீராங்கனை என்றும் லௌவர்ஸைத் துரோகி என்றும் நாம் பிரித்து வைத்திருப்பதன் அடிப்படை என்ன? ஒருவர் இறந்தார், ஒருவர் பிழைத்தார் என்பதைத் தவிர வேறென்ன? பிழைத்தவன் விளக்கம் சொல்ல வேண்டும், இறந்தவருக்குச் சிலை. அனுப்பிவைத்தவர்களுக்கு ஓய்வூதியம். இந்தப் பங்கீட்டை வரலாறு என்று ஏற்க என்னால் இயலாது.

ஆகவே தமிழில் இவ்வரலாற்றை எழுதுவோரிடமும் பகிர்வோரிடமும் ஒரு வேண்டுகோள். காட்டிக்கொடுத்தவன் யார் என்று தேடுமுன், எச்சரிக்கை வந்ததா, வந்திருந்தால் அது யார் கைக்குப் போயிற்று, அவர் என்ன செய்தார் என்று கேளுங்கள். சங்கிலியின் கடைக்கோடியில் இருப்பவனின் பெயரை எழுதும்போது, தலைக்கோடியில் இருந்தவர்களின் பெயரையும் எழுதுங்கள். அக்காலத்தில் 'என்' பிரிவுக்கு அடுத்தடுத்துத் தலைமை தாங்கியவர்கள் சார்ல்ஸ் பிளிசர்டும் சீமோர் பிங்ஹாமும். துரோகிப் பட்டம் சூட்டும் பதிவுகள் எவற்றிலும் இவ்விரு பெயர்களை நான் கண்டதில்லை. இவர்களுக்கும் துரோகிப் பட்டம் பொருந்தாது. அலட்சியத்துக்குத் தனிப் பட்டம் ஏதும் நாம் வைத்திருக்கவில்லை என்பதால் அது எப்போதும் தப்பித்துவிடுகிறது.

ஹூப் லௌவர்ஸிடம் கேட்கப்பட்டது ஒரு பிழை. பிடிபட்டபின் அதைச் செய்யாதிருந்ததன் மூலம் அவர் உண்மையைச் சொன்னார். அந்தப் பிழையில்லாத தந்திகளைப் பெற்றுக்கொண்டு, நன்று, தொடர்க என்று பதில் எழுதியவர்களைப் பற்றி இனியேனும் பேசுவோம்.